செவ்வாய், வெள்ளி, மூன்றரை மணி

3 மார்ச்

டீச்சருக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். இதை நேற்றே எழுத உட்கார்ந்தேன். "நலமாக" என்று எழுதியதும், நீ கோபமாக இருக்கும்போது நான் நலமாக இருப்பது முறையா என்று யோசனை வந்தது. தாளைக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது தாள்.

போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் எனக்குப் பாதி வார்த்தைகள் கேட்பதில்லை. நீ கோபமாக இருப்பது மட்டும் தெளிவாகக் கேட்கிறது. ஆகவே கடிதம்.

உன்னைக் கேட்காமல் இந்த இரண்டரை மாத வேலைக்கு ஒப்புக்கொண்டது தப்புதான். முப்பத்தெட்டு வருடக் குடும்பத்தில் கேட்காமல் செய்த முதல் காரியம் என்று நினைக்கிறேன். உனக்கு வேறு ஏதாவது நினைவிருந்தால் எழுது.

இது அளவைக் கருவிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் கூடம். மூன்று மாடி. மேசைக்கு மேசை தராசு, அழுத்தமானி, கணினி, பிரிண்டர். எல்லாம் ஒரே வலையில் இணைந்தவை. ஆனால் எது எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. கல்லூரி ஆய்வகத்தில் முப்பது வருடம் ஸ்டோர் பார்த்த ஆள் என்று யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். மேலாளர் அம்மா வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். நாற்பத்தைந்து வயது இருக்கும். "நீங்க வந்தது எங்களுக்குப் பெரிய பலம் சார்" என்றார் மேலாளர் அம்மா. நான் திரும்பிப் பார்த்தேன், வேறு யாரையோ சொல்கிறார் என்று.

பொருள்களைப் பதிய ஒரு மென்பொருள் இருக்கிறது. நாம் கையால் எழுதியது மட்டும்தான் அதற்குத் தெரியும். அது தானே வலையில் போய்த் தேடிப் பிடிக்க வேண்டுமானால் ஒரு பிளக்இன் சேர்க்க வேண்டும் என்று மேலாளர் அம்மா விளக்கினார். அதைப் பொருத்துவதுதான் என் முதல் வேலை. நூற்றுப் பத்துப் பக்கக் கையேடு. அடிக்கோடு போட்டுக்கொள்ள மேலாளர் அம்மா தன் பேனாவையே கொடுத்தார்.

தங்கும் அறை சிறியது. ஜன்னல் சைக்கிள் நிறுத்தும் இடத்தைப் பார்க்கிறது. கட்டிலின் ஒரு கால் குட்டை. மடித்த அட்டை வைத்துச் சமன் செய்துவிட்டேன்.

நீ சாப்பிடுகிறாயா? நேரத்துக்குத் தூங்குகிறாயா? இந்தக் கேள்விகள் சம்பிரதாயத்துக்கு அல்ல.

உன்,
நான்


8 மார்ச்

ஸ்டோர்காரருக்கு,

உங்கள் கடிதத்தில் மேலாளர் அம்மா நான்கு தடவை வருகிறார். எண்ணினேன். எண்ணுவது உங்கள் தொழில் மட்டும்தானா? நான் வருகிற இடங்களில் எல்லாம் கோபமாக வருகிறேன், இல்லாவிட்டால் சாப்பிடுகிறேன்.

நாற்பத்தைந்து வயது என்று எப்படித் தெரிந்தது? கேட்டீர்களா, இல்லை முதுகில் எண் ஏதாவது ஒட்டியிருந்ததா? பேனாவைத் திருப்பிக் கொடுத்தீர்களா?

நீங்கள் போனது பற்றி எனக்குக் கோபமில்லை. சூட்கேஸ் அடுக்கி முடித்த பிறகு, "ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தீர்களே, அதுதான். சூட்கேஸே சொல்லிவிட்டதே, அப்புறம் நீங்கள் எதற்கு?

வீடு அப்படியே இருக்கிறது. நாற்காலி ஏழு, மிக்ஸி இருபத்திரண்டு, கண்ணாடி நாற்பது என்று நீங்கள் ஒட்டிய எண்களோடு அப்படியே. அலமாரி மேல் உங்கள் மழைக் கணினி கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. தூசி தட்டினேன், வேறெதையும் தொடவில்லை. அங்கிருந்தபடியே அதைத் திறந்து நம் மாடியில் எவ்வளவு மழை என்று பார்ப்பீர்களாமே. மழையை மட்டும் விசாரிக்கிற புருஷன் யாருக்குக் கிடைப்பார்!

சாப்பிடுகிறேன். தூங்குகிறேன்.

டீச்சர்


15 மார்ச்

டீச்சருக்கு,

பேனாவை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி "மேலாளர்" என்று மட்டும் எழுதுகிறேன். வயது என் ஊகம். ஊகித்திருக்கக் கூடாது.

பிளக்இன் ஒருவழியாக வேலை செய்கிறது. கையேட்டில் சொன்னபடி கோப்புகளை அதற்குரிய இடத்தில் வைத்தேன். பட்டியலில் பெயர் வந்தது. "செயல்படுத்து" என்பதை அழுத்தினேன். தேடும் வேலை ஒன்றை உருவாக்கினேன். "தயார்" என்று காட்டியது. மூன்று நாள் "தயார்" என்றே காட்டிக்கொண்டிருந்தது. நூற்றுப் பத்துப் பக்கத்தையும் மறுபடி படித்தேன். கடைசியில் பார்த்தால், வேலையை எழுதியிருக்கிறேனே தவிர, அதை எந்தக் கணினி செய்ய வேண்டும் என்று ஒப்படைக்கவே இல்லை. யாரிடமும் சொல்லாமல், நடக்கும் என்று காத்திருந்திருக்கிறேன். நீ இப்போது என்ன சொல்வாய் என்று தெரியும்.

இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை என்று கொடுத்துவிட்டால், அது வீடு வீடாகப் போவதுபோல் ஒவ்வொரு முகவரியாகத் தட்டி, உள்ளே யார் என்று கேட்கும். பதில் வந்தால் குறித்துக்கொள்ளும். பெயர் சொல்லாத பொருள்களை "அடையாளம் தெரியாதவை" என்ற தலைப்பில் சேர்த்துவிடும். முதல் தட்டலுக்கே மூன்று மாடியிலும் உள்ள பழைய பிரிண்டர்கள் விழித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு தாள் துப்பின. தாளின் மேல்கோடியில் இரண்டு வரி, எந்த மொழியிலும் சேராத எழுத்து. தங்களுக்கு ஏதோ அச்சடிக்க வந்திருக்கிறது என்று அவை நினைத்துக்கொள்கின்றன. "சார், பேய்க்கே லெட்டர் எழுதச் சொல்லிக் குடுத்துட்டீங்களே!" என்றார் ஒயர்மேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சற்றுத் தாமதமாக.

இவ்வளவு பெரிய வலையில் கை வைக்கப் பயந்து, முதலில் ஒரு சின்ன வலையில் ஒத்திகை பார்த்தேன். நான்கைந்து பொருள்கள் மட்டும் உள்ள வலை. ஒழுங்காக வேலை செய்தது.

நேற்று வெள்ளிக்கிழமை மதியம் வீட்டுக்கு யாராவது வந்தார்களா? சும்மாதான் கேட்டேன்.

உன்,
நான்


19 மார்ச்

ஸ்டோர்காரருக்கு,

யாரும் வரவில்லை. யார் வருவார்கள்?

உங்கள் ஆபீஸ் பேய்க்கு இங்கேயும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் போல. நம் பிரிண்டர் ஒரு வாரமாக, நான் அணைத்து வைக்கிற நேரம் போக, மணிக்கு ஒரு தாள் துப்புகிறது. மேலே இரண்டு வரி, எந்த மொழியிலும் சேராத எழுத்து. அறுபத்தொரு தாள் சேர்ந்திருக்கிறது. வெள்ளைத் தாளை வீணாக்க வேண்டாமே என்று இந்தக் கடிதத்தை அதன் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். திருப்பிப் பாருங்கள்.

சும்மா கேட்பவர்களுக்குச் சும்மா பதில்.

டீச்சர்


29 மார்ச்

டீச்சருக்கு,

திருப்பிப் பார்த்தேன். ஒரு வாரமாகப் பதில் எழுத முடியவில்லை.

அந்த இரண்டு வரியும் நான் அனுப்பியவைதான். ஒத்திகை பார்த்த சின்ன வலை நம் வீடு. அலமாரி மேல் இருக்கும் மழைக் கணினியில் இங்கிருந்தே அந்தத் தேடும் நிரலை ஏற்றினேன். தப்பான எண்ணம் எதுவும் இல்லை. ஒரு தடவை தேடிப் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். எடுக்காமல் மணிக்கு ஒரு தடவை ஓடவிட்டேன். முதல் நாள் ஒழுங்காக இருந்தது. உன் போன், டி.வி., பிரிண்டர், மழைக் கணினி, ரௌட்டர். அடுத்து வந்த வெள்ளிக்கிழமை நான்கு மணிப் பட்டியலில் ஆறாவதாக ஒன்று இருந்தது. அடையாளம் தெரியாதது. ஒரு போன்.

நீ யாரும் வரவில்லை என்று எழுதினாய்.

இதை எழுதலாமா என்று பல தடவை யோசித்தேன். எழுதுகிறேன். மார்ச் 14 வெள்ளி. 18 செவ்வாய். 21 வெள்ளி. 25 செவ்வாய். 28 வெள்ளி. தேடலைக் கால் மணிக்கு ஒரு தடவை என்று மாற்றினேன். மூன்றரை ஒட்டி வருகிறார்கள், ஐந்து ஒட்டிப் போகிறார்கள். நடுவில் ஒன்றரை மணி நேரம். ஐந்து நாளும் ஐந்து வேறு போன்கள். ஒரு தடவை வந்தது மறு தடவை வரவில்லை. ஒவ்வொரு தடவையும் புது ஆள்.

நான் சந்தேகப்படவில்லை. பட்டியல் பட்டியலாக இருக்க வேண்டும் என்ற பழக்கம்தான். அந்த ஐந்து பேரும் யார் என்று மட்டும் சொன்னால் உரிய இடத்தில் பதிந்துவிட்டு நிம்மதியாக இருப்பேன்.

மேலே உள்ள பத்தியை அடித்துவிட நினைத்தேன். அது பொய். நான் இரண்டு வாரமாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

உன்,
நான்


3 ஏப்ரல்

ஸ்டோர்காரருக்கு,

ஐந்து பேர்! அறுபத்தேழு வயதில், முழங்கால் வலியோடு, வாரத்துக்கு இரண்டு பேர் கணக்கில். என்னைப் பற்றி உங்களுக்கு இவ்வளவு நல்ல அபிப்பிராயம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

சிரித்து முடித்துவிட்டேன். இனிச் சிரிக்காமல் எழுதுகிறேன்.

பிரிண்டர் மணிக்கு ஒரு தாள் துப்பிக்கொண்டிருந்தது. இருபத்தாறாம் தேதியிலிருந்து கால் மணிக்கு ஒன்று. காரணம் தெரியாமலே, அங்கே யாருக்கோ என்னவோ ஏறிக்கொண்டிருக்கிறது என்று தாளைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். உங்களுக்குப் பொறாமை வந்தால் முகம் மாறாது, குரல் ஏறாது, ஒரு வார்த்தை வராது. முப்பத்தெட்டு வருடத்தில் இப்போதுதான் அது அச்சில் வந்திருக்கிறது.

யாரும் வரவில்லை என்று நான் எழுதியது பொய். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு "யாராவது வந்தார்களா" என்று கேட்டவருக்கு அந்தப் பதில்தான்.

யார் என்று சொல்ல மாட்டேன். உங்கள் பெட்டி கெட்டிக்காரப் பெட்டியாயிற்றே, அதையே கேளுங்கள்.

டீச்சர்


12 ஏப்ரல்

டீச்சருக்கு,

இதை உன் தங்கை வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். நீ அங்கே இருக்கிறாய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, ஊகம்தான். நான்காம் தேதியிலிருந்து பட்டியலில் உன் போன் இல்லை. டி.வி. இருக்கிறது, பிரிண்டர் இருக்கிறது, ரௌட்டர் இருக்கிறது, மழைக் கணினி இருக்கிறது. நான் வாங்கிய பொருள் எல்லாம் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. நீ இல்லை. வேறு போனும் இல்லை. கால் மணிக்கு ஒரு தடவை இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஆறாவது போன் வரவில்லை என்று சந்தோஷப்பட்டேன். பிறகு, நீங்கள் இருவரும் வேறெங்கோ இருக்கிறீர்களோ என்று நினைத்தேன். இப்படி நினைத்தேன் என்பதை உன்னிடம் சொல்லிவிடுவது நல்லது.

இங்கே நடந்ததையும் சொல்கிறேன். எட்டாம் தேதி என் அறிக்கையை மேசையில் வைத்தார்கள். எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேலாளர் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தவர், "சார், லிஸ்ட்ல ஒரு டி.வி. இருக்கே. அது எந்த ரூம்?" என்றார்.

நம் வீட்டு மழைக் கணினி கண்டதை எல்லாம் இந்தச் சோதனைக்கூடத்தின் பதிவேட்டுக்கே அனுப்பியிருக்கிறது. எந்த இடம் என்று ஒரு குறி கொடுத்திருந்தால் தனியாகப் பிரித்திருக்கும். கையேட்டில் எழுபத்திரண்டாம் பக்கம். அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன். கொடுக்க மறந்தேன். நம் வரவேற்பறை அங்கே எட்டுப் பேர் முன்னால் விரிந்து கிடந்தது.

"அது... என் வீடு" என்றேன்.

"உங்க வீட்டுக்கும் நாங்கதான் சர்டிபிகேட் தரணுமா சார்?" என்றார் ஒருவர். மேலாளர் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு, அந்த அடையாளம் தெரியாத ஐந்தையும் தொட்டுக் காட்டி, "இது அஞ்சு போன் இல்ல சார். ஒண்ணுதான். சில போனுங்க ஒவ்வொரு தடவை சேரும்போதும் வேற முகவரி சொல்லும், யாரும் பின்தொடரக் கூடாதுன்னு. இங்க இருநூத்திப் பத்துப் போன்னு எழுதியிருக்கீங்க. மொத்த ஸ்டாஃபே அறுபது பேர்தான்" என்றார். பிறகு, "வீட்டுல அம்மாவுக்கு இது தெரியுமா சார்?" என்று கேட்டார்.

ஆக, ஐந்து பேர் இல்லை. ஒருவர். நான் நிம்மதியாகியிருக்க வேண்டும். ஐந்து பேர் என்றால் ஏதோ கூட்டம், சங்கம், பழைய மாணவிகள் என்று மனதைத் தேற்றிக்கொள்ள இடம் இருந்தது. ஒரே ஆள் ஐந்து தடவை என்றால்?

கிழமை தவறாமல், நிமிடம் தவறாமல் வருகிற ஆள் நமக்குத் தெரிந்து ஒருவர்தான். உங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார்.

நீ ஓய்வு பெற்ற நாள் விழாவில் அவர் கையில் துண்டுச்சீட்டுகூட இல்லாமல் உன்னைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். நீ சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். என் சட்டைப் பையிலும் இரண்டு பக்கம் இருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து எழுதியது. "வீட்டுக்காரர் ரெண்டு வார்த்தை பேசுவார்" என்று கூப்பிட்டபோது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சட்டை துவைக்கப் போய் அந்த இரண்டு பக்கமும் கூழாகிவிட்டது. அன்றிலிருந்து அந்த மனிதரைக் கண்டால் எனக்கு ஆகாது. ஒன்பது வருடமாக ஆகாது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவர்தானா?

உன்,
நான்


20 ஏப்ரல்

ஸ்டோர்காரருக்கு,

அவர்தான்.

முதல் நாளே, "டீச்சர், எனக்குப் பொறாமையாக இருக்கிறது, யார் வருகிறார்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். இதைக் கேட்க உங்களுக்கு ஒரு பிளக்இன், ஒரு பிரிண்டர், எட்டுப் பேர் உட்கார்ந்த கூட்டம், ஒரு மேலாளர் அம்மா எல்லாம் தேவைப்பட்டிருக்கிறது.

எதற்கு வருகிறார் என்றும் சொல்கிறேன். முப்பத்தோரு வருடம் வகுப்பில் உலகப் படத்தை மாட்டிக் குச்சியால் காட்டினேன். உருண்டையைத் தட்டையாக்கினால் எங்கேயாவது பொய் சொல்லியே ஆக வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தேன். அந்தப் பொய் எவ்வளவு, எந்த இடத்தில் எத்தனை மடங்கு என்று கேட்டால் எனக்குக் கணக்குத் தெரியாது. ஒரு பெண் ஒரு நாள் எழுந்து கேட்டாள். "உட்காரு" என்றேன். அந்த "உட்காரு" இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று மாலை வீட்டுக்கு வந்து, நீங்கள் பட்டம் வாங்கியவராயிற்றே, எனக்குக் கற்றுத் தாருங்கள் என்று உங்களிடம்தான் முதலில் கேட்டேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "இனிமே எதுக்கு அதெல்லாம்?" என்றீர்கள். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

இப்போது கற்றுக்கொள்கிறேன். செவ்வாய், வெள்ளி, மூன்றரை மணி. அவர் வீட்டில் இணைய வசதி இல்லை. வந்து உட்கார்ந்ததும் பேத்தியின் படங்கள் இறங்கட்டும் என்று நம் இணைப்பில் போனைச் சேர்த்துவிட்டுப் பாடம் ஆரம்பிப்பார். உங்கள் ஆறாவது பொருள் அதுதான்.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். ஒரு நாள் மிக்ஸியில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் எல்லாத்துக்கும் நம்பர் போட்டிருக்காரு டீச்சர். உங்க மனசுல என்ன இருக்குன்னுதான் கணக்கெடுக்க மறந்துட்டாரு" என்றார். நான் சிரித்தேன். அவர் போன பிறகு, அங்கே சிரித்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் சிரித்தேன். அவர் வந்தால் நன்றாகப் பொழுது போகிறது. என் கேள்விக்குத் தலையை நிமிர்த்திப் பதில் சொல்கிறார். இதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. இதற்குக் குறைவாகவும் இல்லை.

தங்கைக்கு எல்லாம் தெரியும். "அக்கா, இந்த வயசுலயும் மாமா உன்னை உளவு பாக்கறார்னா உன் மவுசு குறையலைக்கா. என் வீட்டுக்காரர் நான் ரெண்டு நாள் காணோம்னாகூடக் கவனிக்க மாட்டார்" என்கிறாள். அவள் பேச்சு அவளுக்கு. எனக்கு நம் வீட்டில் உட்கார முடியவில்லை, அதனால்தான் இங்கே வந்தேன். போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனால், இப்போது அங்கே ஒருவர் எழுதிக்கொள்வார் என்று நினைப்பு வந்தது. சமையலறைக்கும் வரவேற்பறைக்கும் நடக்கும்போது யாரோ பின்னால் வருவதுபோல் இருந்தது. மூன்று வாரமாகப் பாடமும் இல்லை.

அலமாரி மேல் அந்தப் பெட்டி இருக்கிறவரை நான் அந்த வீட்டுக்குப் போவதாக இல்லை. உங்கள் வேலை முடிந்து நீங்கள் திரும்பி வந்தாலும் போவதாக இல்லை. நிறுத்திவிட்டேன் என்று எழுதாதீர்கள். எனக்குத் தெரியாமல் வைத்தவர் எனக்குத் தெரியாமல் மறுபடி வைக்கலாம்.

டீச்சர்


26 ஏப்ரல்

டீச்சருக்கு,

நிறுத்திவிட்டேன் என்று எழுதவில்லை. நிறுத்தியது உண்மை. ஆனால் இதே வாரத்தில் இரண்டு தடவை நிறுத்தி இரண்டு தடவை மறுபடி போட்டவன் நான். ஆகவே என் வார்த்தையை நானே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என்னை வெளியே தள்ளிப் பூட்டும் வழியை எழுதுகிறேன். இதை நீயே செய்ய வேண்டும். ஒரு தாளில் வரிசையாக எழுதி இணைத்திருக்கிறேன். ஏழு படி. முதலில் அலமாரி மேல் ஏறாதே, உன் முழங்காலுக்கு ஆகாது. சுவரில் அதன் பிளக்கைப் பிடுங்கினால் போதும். மழைமானிக்கும் அதுதான் மின்சாரம். பதினோரு வருட மழைக் கணக்கில் முதல் முறையாக ஓட்டை விழும். விழட்டும். பிறகு ரௌட்டரின் அடியில் உள்ள முகவரியை உன் போனில் எழுதினால் ஒரு பக்கம் திறக்கும். அங்கே நான் வைத்திருக்கும் கடவுச்சொல்லைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அதை மாற்று. அடுத்து, வெளியூரிலிருந்து உள்ளே வரும் வழி என்று ஒன்று இருக்கும். ஆறாவது படி. அதுதான் நான் நுழைந்த வழி. அதை மூடு. கடைசியாக வீட்டு இணைப்பின் கடவுச்சொல்லையும் மாற்று. புதிதாக வைப்பது என்னால் ஊகிக்க முடியாததாக இருக்கட்டும். கல்யாண நாள் வேண்டாம், பிறந்த வருடம் வேண்டாம். என்னிடம் சொல்லாதே. நான் கேட்டாலும் சொல்லாதே.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். ஆறாவது படியைத் தாளில் மறுபடி தெளிவாக எழுதியிருக்கிறேன்.

நீ கற்றுத் தரக் கேட்ட நாள் எனக்கும் நினைவிருக்கிறது. பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காததற்குக் காரணம், எடுத்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய். கணக்குப் பாடத்தில் நான் தேறியது முப்பத்தெட்டு மதிப்பெண்ணில். நம் வீட்டில் எண் ஒட்டாமல் நான் மறைத்து வைத்திருக்கும் ஒரே பொருள் அந்த மதிப்பெண் சான்றிதழ். உருண்டையைத் தட்டையாக்கும் கணக்கு எனக்கு வராது. வராது என்று உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால் உனக்கு எதற்கு என்று கேட்டுவிட்டேன்.

கணக்கு வாத்தியார் மேல் எனக்குப் பொறாமை தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் நீ சிரிப்பாய். நீ அவர் பேச்சுக்குச் சிரித்தாய் என்ற வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்குத் தெரியும். எண்ணிக்கை வேண்டாம்.

பாடத்தை விடாதே.

உன்,
நான்


6 மே

ஸ்டோர்காரருக்கு,

இரண்டாம் தேதி வீட்டுக்கு வந்துவிட்டேன். பிளக்கைப் பிடுங்கினேன். கண் சிமிட்டல் நின்றது. அறையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சும்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருவருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து படி சரியாக நடந்தது. ஆறாவதில் சிக்கினேன். நீங்கள் சொன்ன வார்த்தை அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. வேறு பெயரில் இருந்தது. மதியம் வந்த தங்கை, "வாத்தியாரைக் கூப்பிடேன்க்கா, ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருவார்" என்றாள். அன்று வெள்ளிக்கிழமை வேறு, பாடத்துக்கு வரச் சொல்லியிருந்தேன், எப்படியும் மூன்றரைக்கு வருவார். வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. உங்களை வெளியே தள்ளுவதற்கு இன்னொரு ஆம்பிளையின் உதவி எனக்கு எதற்கு? மூன்று இருபதுக்கு முடித்தேன்.

புதிய கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. வாத்தியார் போனை நீட்டினார். "இனிமே உங்க வீட்டுலயே ஒரு இணைப்பு வாங்கிக்குங்க சார், பேத்தி படத்துக்காகவாவது" என்றேன். அவர் முகம் சற்றுச் சுருங்கியது. பிறகு பாடம் எடுத்தார். துருவத்துக்குப் பக்கத்தில் போகப் போகப் படத்தில் எல்லாம் எப்படி வீங்குகிறது என்று முதல் முறையாக நானே போட்டுப் பார்த்தேன். விடை சரியாக வந்தது. அந்தப் பெண் எழுந்து கேட்டாளே, அவளுக்கு இப்போது நாற்பது வயதாவது இருக்கும். எங்கே இருக்கிறாளோ.

நேற்று மழை. எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியாது. நல்ல மழை.

முப்பத்தெட்டு மதிப்பெண் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று எனக்கு இருபது வருடமாகத் தெரியும். துணி அலமாரியில், காகிதத்துக்கு அடியில். நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்.

வேலை பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை காலையோடு முடிகிறது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். எப்போது வருகிறீர்கள்? கேட்கிறேன். கேட்பது எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டீச்சர்


10 மே

டீச்சருக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. கடவுச்சொல்லை வாத்தியாருக்கும் சொல்லவில்லை என்ற வரியைப் படித்துவிட்டு அறையை இரண்டு தடவை சுற்றி வந்தேன். இதையும் சொல்லிவிடுகிறேன். இனி எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று இருக்கிறேன். உனக்குச் சலிப்பாக இருந்தால் நிறுத்தச் சொல்.

பதிவேட்டைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். இருநூற்றுப் பத்துப் போன்கள் ஐம்பத்தெட்டாகக் குறைந்தன. நம் டி.வி.யை நீக்கினேன். நீக்கும்போது "உறுதியாக நீக்கலாமா?" என்று அது மூன்று தடவை கேட்டது. மூன்று தடவையும் ஆம் என்றேன். மேலாளர் ஆண்டு இறுதி வரை இருக்கச் சொன்னார். வீட்டில் கேட்காமல் சொல்ல முடியாது என்றேன். இப்போது உன்னைக் கேட்கிறேன். எனக்கு இருக்க விருப்பமில்லை. உன் பதில் வேறாக இருந்தால் எழுது.

இங்கிருந்து இரண்டு பேருந்துகள். வெள்ளிக்கிழமை காலை கிளம்புவது மதியம் மூன்று மணிக்கு நம் ஊர் வருகிறது. அங்கிருந்து நடந்தால் மூன்றரைக்கு வாசலில் இருப்பேன். மற்றது சனிக்கிழமை.

முன்பதிவு செய்கிற இடத்தில் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் வெள்ளிக்கிழமை என்று வாயில் வந்துவிட்டது. அவர் எழுதப் போனார். "இல்லைங்க, இருங்க" என்று சொல்லிவிட்டு விலகி, மறுபடி கடைசியில் போய் நின்றேன். இரண்டாவது தடவையும் அப்படியே ஆயிற்று. மூன்றாவது தடவை அவர், "பெரியவரே, ஊருக்குப் போறீங்களா, இல்ல இங்கயே நடந்து பழகுறீங்களா?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

சனிக்கிழமைக்கு எடுத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பாடம் எப்படிப் போயிற்று, அவர் எத்தனை மணிக்குக் கிளம்பினார், என்ன சொன்னார், நீ எதற்காவது சிரித்தாயா என்று நான் வந்ததும் கேட்பேன். உன் முகத்தைப் பார்த்துக் கேட்பேன். அதை மட்டும் பொறுத்துக்கொள்.

உன்,
நான்